250 ஆம்பியர் டிரிப் ஆகுதுன்னா 400 போட்டுடலாமா? சந்தூர் தம்பிக்கு ஒரு பதில்

சந்தூர் பக்கத்துல ஒரு மாம்பழக்கூழ் கம்பெனில மெயின்டனன்ஸ் பாக்கற தம்பி ஒருத்தர் எழுதியிருக்கார். லெட்டர் பெருசு, வேண்டியத மட்டும் அவர் வார்த்தையிலயே போடறேன். புதுசா படிக்கறவங்களுக்கு: எம்சிசிபின்னா கரண்ட் அளவு மீறினா தானா விழுந்து (டிரிப் ஆகி) சப்ளைய அறுக்கற பெரிய பிரேக்கர், ஹெச்டின்னா உயர் அழுத்த மின் இணைப்பு, இன்கமர்னா பேனலுக்குள்ள சப்ளை வர்ற மெயின் பிரேக்கர், லக்னா கேபிள் நுனிய பிரேக்கர்ல மாட்டற உலோகக் காது.

"அண்ணா வணக்கம். எங்களது ஹெச்டி சர்வீஸ், சொந்த டிரான்ஸ்ஃபார்மர் 250 கேவிஏ. மெயின் பேனல்ல இன்கமர் 400 ஆம்பியர் எம்சிசிபி. அங்கிருந்து ப்ராசஸ் ஹால் பேனலுக்கு ஒரு ஃபீடர் போகுது, அதுக்கு 250 ஆம்பியர் எம்சிசிபி, 120 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் மூன்றரை கோர் கேபிள், 60 மீட்டர் இருக்கும். ஹால்ல 75 ஹெச்பி சில்லர் கம்ப்ரஸர், 50 ஹெச்பி டெகான்டர், மீதி பல்ப்பர், பம்ப், கன்வேயர் எல்லாம் சேந்து 30 ஹெச்பி. 160 கேவிஏ ஜெனரேட்டரும் இருக்கு. போன சீசன்ல மே மாசம் முழுக்க மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள்ள இந்த 250 டிரிப் ஆகிட்டே இருந்துச்சு, ராத்திரி ஷிஃப்ட்ல ஒருநாள் கூட ஆகல. வயர்மேன் டயல ஃபுல்லா 1-ல வெச்சும் நிக்கல. ஓனர் 400 ஆம்பியர் போட்டுடு, தொல்ல விட்டுதுன்னு சொல்றார். டீலர் மூணு கொட்டேஷன் குடுத்திருக்கார், 250 ஃபிக்ஸட் டைப் 25 கேஏ, 400 ஆம்பியர் 36 கேஏ, 250 மைக்ரோப்ராசசர் டைப் 50 கேஏ. எத வாங்கறதுன்னு புரியல. அப்புறம் ஆர் ஃபேஸ் லக் மட்டும் கொஞ்சம் கருத்திருக்கு, பழசுங்கறதால இருக்கும்னு விட்டுட்டோம்."

தம்பி, மொதல்ல உங்களுக்கு நன்றி, ஏன்னா நிறைய பேர் "பிரேக்கர் டிரிப் ஆகுது என்ன பண்ண"ன்னு ஒரே வரியில கேட்டுட்டு விட்டுடுவாங்க, நீங்க கேபிள் சைஸு, டிரிப் ஆகற நேரம், ராத்திரி ஆகலங்கறது வரைக்கும் எழுதியிருக்கீங்க. பதில் பாதி உங்க லெட்டர்லயே இருக்கு. கடைசியா போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, ஆர் ஃபேஸ் லக் கருத்திருக்குன்னு, எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது அதுதான்.

400 மட்டும் போட்டுடாதீங்க. இத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னு கீழ சொல்றேன், ஓனர்கிட்ட காட்டறதுக்கும் உதவும்.

எம்சிசிபி எதுக்கு இருக்குன்னு நாமளே சில சமயம் மறந்துடறோம். மோட்டாருக்கு ஸ்டார்ட்டர்ல ஓவர்லோட் ரிலே தனியா இருக்கு, மோட்டார அது பாத்துக்கும். மெயின் பேனல்ல இருக்கற எம்சிசிபி பாத்துக்க வேண்டியது அது வாயிலிருந்து கெளம்பற கேபிள. உங்க 120 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் கேபிள் எக்ஸ்எல்பிஈ இன்சுலேஷனா (90 டிகிரி வரைக்கும் தாங்கற பிளாஸ்டிக் உறை) இருந்தா, 40 டிகிரி காத்துல தனியா போட்டா ஏறக்குறைய 240 ஆம்பியர் தாங்கும், கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும், கேபிள் மேல இருக்கற பேர பாத்து அவங்க டேபிள்லயே பாத்துக்கோங்க. ஆனா உங்க கேபிள் தனியாவா போகுது? தகர கூரைக்கு அடியில டிரேல, இன்னும் நாலு கேபிளோட ஒட்டிக்கிட்டு, பாய்லர் ரூம் பக்கமா போகுதுன்னா அந்த 240 இருக்காது, 200 பக்கம் வந்துடும். இப்போ இதுல 400 ஆம்பியர் பிரேக்கர போட்டு டயல முழுசா கீழ 0.8-ல வெச்சாலும் 320 ஆம்பியர். ஐஈசி 60947-2 ஸ்டாண்டர்டு படி, செட்டிங்ல 1.05 மடங்கு வரைக்கும் பிரேக்கர் டிரிப் ஆகக்கூடாது, 1.3 மடங்குல 2 மணி நேரத்துக்குள்ள ஆகணும். அப்போ 330 ஆம்பியர் ஓடினாலும் அது வாய் திறக்காது, 400 ஓடினாலும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கலாம். அதுக்குள்ள கேபிள் இன்சுலேஷன் 90 டிகிரிய எப்பவோ தாண்டியிருக்கும்.

அரூர் பக்கம் ஒரு கிழங்கு மாவு மில்லுல நான் நேர்ல பாத்திருக்கேன். இதே கதைதான், சீசன்ல டிரிப் ஆகுதுன்னு பெரிய பிரேக்கர் மாத்தினாங்க, அந்த வருஷம் ஒரு டிரிப் கூட இல்ல, எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. அடுத்த வருஷம் கேபிள் டிரே வளையற இடத்துல புகை வந்து, கேபிள் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய், பக்கத்துல இருந்த கன்ட்ரோல் கேபிளும் சேந்து எரிஞ்சு, அரவை நாலு நாள் நின்னுச்சு. யாருக்கும் அடிபடல, அது ஒண்ணுதான் ஆறுதல். போன வருஷம் டிரிப் ஆகாம நின்னப்பவே அந்த கேபிள் எரிய ஆரம்பிச்சிருச்சுங்கறத அங்க யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியல.

இன்னொரு விஷயம், இது ஓனருக்கு சட்டுன்னு புரியும். உங்க இன்கமரும் 400. ஃபீடரும் 400 ஆக்கிட்டா ஹால்ல எங்கயோ ஒரு ஷார்ட் ஆனா எது மொதல்ல விழும்னு சொல்ல முடியாது, ரெண்டும் சேந்தே விழும். அப்போ ஹால் மட்டும் இல்லாம பாய்லர் ஃபீட் பம்ப், லைட்டு, கோல்டு ரூம் எல்லாம் இருட்டு. இப்போ 250-க்கும் 400-க்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அத சரியா செட் பண்ணா ஹால் ஃபால்ட் ஹாலோட நிக்கும். இருக்கற அந்த இடைவெளிய காசு குடுத்து அழிக்க வேண்டாம்.

சரி, ஏன் மத்தியானம் மட்டும் டிரிப் ஆகுது, ராத்திரி ஏன் ஆகல, அதுக்கு வருவோம். 75 ஹெச்பி மோட்டார் 415 வோல்ட்ல ஃபுல் லோடுல ஏறக்குறைய 98 ஆம்பியர், 50 ஹெச்பி 66, மீதி 30 ஹெச்பி ஒரு 40. மொத்தம் 204. எல்லாமே ஒரே நேரத்துல ஃபுல் லோடுல ஓடாதுதான், ஆனா மே ஜூன்ல வாசல்ல பெங்களூரா மாம்பழ லோடு வரிசையா நிக்கறப்ப நீங்க எதையும் நிறுத்தவும் மாட்டீங்க. மத்தியானம் வோல்டேஜ் எறங்கும். உங்க பேனல் வோல்ட் மீட்டர்ல 2 மணிக்கு என்ன காட்டுதுன்னு நீங்க எழுதல, 380-ன்னு வெச்சுக்குவோம். மோட்டார் மேல இருக்கற வேலை கொறையாது, வோல்டேஜ் கொறைஞ்சா அது கரண்ட கூட்டி இழுக்கும், 204-ங்கறது 223 ஆயிடும்.

இந்த பக்கம் பிரேக்கர பாருங்க. தெர்மல் மேக்னடிக் டைப்ல உள்ள பைமெட்டல் இருக்கு, சூட்டுக்கு வளையற பட்டை, அத வழக்கமா 40 டிகிரிக்கு செட் பண்ணி அனுப்பறாங்க, சில மாடல் 50. வெளிய 39, 40 டிகிரி வெயில், தகர கூரை, பேனல் கதவு மூடியிருக்கு, உள்ள இன்னும் நாலு பிரேக்கரும் கான்டாக்டரும் சூடு விடுது, பேனலுக்குள்ள 55, 60 டிகிரி சாதாரணமா வரும். 60 டிகிரில அந்த 250 உண்மையில 215 பக்கம்தான் தாங்கும், கேட்லாக்ல டீரேட்டிங் டேபிள்னு ஒரு பக்கம் இருக்கும், அத டீலர்கிட்ட கேட்டு வாங்குங்க, தர மாட்டேன்னா அவர்கிட்ட பிரேக்கரும் வாங்காதீங்க. ஆக 215 தாங்கற பிரேக்கர்ல 223 ஓடுது. இது மட்டும்னா கூட 1.05-க்குள்ளதான் இருக்கு, தள்ளாடிக்கிட்டே ஓடியிருக்கும். அங்கதான் உங்க ஆர் ஃபேஸ் லக் வந்து சேருது.

லக் கருத்துச்சுன்னா அங்க ஜாயின்ட் லூஸ், இல்ல கிரிம்பிங் (லக்க கேபிளோட சேத்து அமுக்கறது) சரியில்ல, இல்ல அலுமினியம் லக்க நேரா செப்பு டெர்மினல்ல வெச்சு இறுக்கியிருக்காங்க. அலுமினியமும் செம்பும் நேரா ஒட்டினா ஈரத்துல அரிச்சு நடுவுல ஒரு படலம் உண்டாகும், அதுல ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடாகும், சூட்டுல போல்ட் இன்னும் தளரும், தளந்ததும் இன்னும் சூடாகும். உங்க தொழில்ல இது இன்னும் மோசம், ஏன்னா மூணு மாசம் ராப்பகலா ஓடிட்டு மீதி ஒன்பது மாசம் சும்மா நிக்குது, மழை ஈரம், கழுவற தண்ணி, பழச்சாறு ஆவி எல்லாம் பேனலுக்குள்ள போய் உக்காந்துக்கும். அந்த லக்கோட சூடு டெர்மினல் வழியா நேரா உள்ள போய் ஆர் ஃபேஸ் பைமெட்டல சுடும். பைமெட்டலுக்கு கரண்ட்னால வந்த சூடு எது, லக்கிலிருந்து வந்த சூடு எதுன்னு பிரிக்கத் தெரியாது. மூணு ஃபேஸ்ல எது வளைஞ்சாலும் மூணும் விழும். வெயில், வோல்டேஜ், லக், இந்த மூணும் ஒண்ணா சேர்ற நேரம் 2 மணிலருந்து 4 மணி. ராத்திரி பேனல் ஆறிடுது, வோல்டேஜ் ஏறிடுது, அதான் நிக்குது.

அதனால பிரேக்கர் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அளந்து பாருங்க. இப்போ சீசன் இல்லன்னா, பழம் வர ஆரம்பிச்ச மொத வாரமே பண்ணிடுங்க, அதுக்குமேல தள்ளாதீங்க. டாங் டெஸ்டர் (கேபிள சுத்தி கவ்வி கரண்ட் அளக்கற மீட்டர்) வெச்சு மூணு ஃபேஸ் கரண்ட், நியூட்ரல் கரண்ட், அதே நேரம் வோல்டேஜ், பகல் 3 மணிக்கு ஒண்ணு, ராத்திரி 3 மணிக்கு ஒண்ணு. ஐஆர் தெர்மாமீட்டர் கன் ஒண்ணு இருந்தா, லைவ்ல தொடாம தூரத்துல இருந்து மூணு லக்கையும் ஒரே லோடுல அளங்க, கன் கைவசம் இல்லன்னா வாங்குங்க, பெரிய செலவு இல்ல. பளபளன்னு இருக்கற உலோகத்துல அந்த கன் கொறைச்சு காட்டும், அதனால லக் ஸ்லீவ் மேலயோ, ஷட்டவுன்ல கருப்பு டேப் ஒட்டி வெச்சு அது மேலயோ பாருங்க. மூணும் ஒரே மாதிரி சூடா இருந்தா லோடு பிரச்சனை, ஒண்ணு மட்டும் மத்ததவிட 15, 20 டிகிரி கூட இருந்தா ஜாயின்ட் பிரச்சனை. கதவு தெறந்து லைவ் பேனல்ல வேலை செய்யறப்ப தனியா நிக்காதீங்க, கையில மெட்டல் வாட்ச் வேண்டாம், லைசென்ஸ் இருக்கற ஆள் கூட இருக்கட்டும்.

அப்புறம் சர்வீஸ ஆஃப் பண்ணி, லாக் போட்டு, சப்ளை செத்திருக்கான்னு டெஸ்டர்ல செக் பண்ணி அந்த லக்க கழட்டுங்க. கருத்த லக்க தேச்சு திரும்ப மாட்டற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய, அது வேண்டாம். கேபிள் நுனிய நல்ல கலர் வர்ற வரைக்கும் வெட்டிட்டு, பைமெட்டாலிக் லக் (ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் செம்பு) போட்டு, ஜாயின்டிங் காம்பவுண்ட் தடவி, ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல்ல சரியான டை போட்டு அமுக்கி, பிரேக்கர் மேனுவல்ல எழுதியிருக்கற டார்க்குக்கு (இறுக்கற பல அளவு) டார்க் ரென்ச்சால இறுக்குங்க. கை பலத்துல இறுக்கறது ஒருத்தருக்கு ஒரு மாதிரி, கூட இறுக்கினாலும் அலுமினியம் நசுங்கி பிறகு தளரும். வெட்டினதுல கேபிள் நீளம் பத்தலன்னா இழுத்து மாட்டாதீங்க, ஸ்ப்ரெடர் டெர்மினல் (பிரேக்கர் டெர்மினல நீட்டி அகலமாக்கற பட்டை) வாங்கி போடுங்க. டெர்மினல் பக்கத்து பிளாஸ்டிக்கும் நெறம் மாறி, வெடிப்பு விட்டிருந்தா அந்த பிரேக்கர் வேண்டாம், சூடு உள்ள போய் பைமெட்டல் செட்டிங்கும் மாறியிருக்கும், அது இனிமே எத்தன ஆம்பியர்ல விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. லெட்டர்ல நீங்க சொன்னத வெச்சு பாத்தா மாத்த வேண்டிதான் இருக்கும்னு தோணுது.

இப்போ கேஏ விஷயம். இதுலதான் டீலருங்க காசு பாக்கறாங்க, நம்ம ஆளுங்களும் 50 பெருசு, 25 சின்னதுன்னு நெனச்சு ஏமாந்துடறாங்க. கேஏங்கறது கிலோ ஆம்பியர், அதாவது ஆயிரம் ஆம்பியர்; ஷார்ட் ஆகறப்ப ஓடற கரண்ட எவ்வளவு வரைக்கும் பிரேக்கர் வெடிக்காம அறுக்கும்ங்கறது. உங்களுக்கு எவ்வளவு வேணும்னு நீங்களே கணக்கு போடலாம். டிரான்ஸ்ஃபார்மர் நேம் பிளேட்ல பர்சன்டேஜ் இம்பிடன்ஸ்னு இருக்கும், 250 கேவிஏக்கு பெரும்பாலும் 4.5 பக்கம். 250 கேவிஏ, 433 வோல்ட்ல ஃபுல் லோடு கரண்ட் 333 ஆம்பியர். 333-ஐ 0.045-ஆல வகுத்தா 7400. அதாவது டிரான்ஸ்ஃபார்மர் வாயிலயே மூணு ஃபேஸும் ஒட்டினாகூட 7.4 கேஏதான் வரும், ஓடிட்டிருக்கற மோட்டாருங்களும் அந்த நொடில கொஞ்சம் திருப்பி அனுப்பும், அதுக்கு ஒரு ஒன்றரை கேஏ சேத்துக்குங்க, 9. கேபிள் 60 மீட்டர் தாண்டி ஹால் பேனலுக்கு போனா இன்னும் கொறையும். 25 கேஏ உங்களுக்கு தாராளம். 50 கேஏக்கு குடுக்கற கூடுதல் காச லக், டார்க் ரென்ச், பேனல் ஃபேன்ல போடுங்க.

ஓசூர் பக்கம் பெரிய கம்பெனிங்கள்ல 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் 5 சதவீத இம்பிடன்ஸ்னா கணக்கு 26.7 கேஏ வரும், அங்க மெயின் பேனல்ல 25 போட்டா தப்பு, 36 போகணும். 1600 கேவிஏ 6.25 சதவீதம்னா 34 கேஏ, மோட்டாரையும் சேத்தா 36-ம் பத்தாது, 50. அங்க 50 கேட்கறது நியாயம், அத பாத்துட்டு வந்து 250 கேவிஏ காரர் கேட்கறதுலதான் அர்த்தம் இல்ல. நாளைக்கு உங்க ஓனர் 500 கேவிஏக்கு போனாலும் 15 கேஏ பக்கம்தான், 25 போதும்.

ஆனா அந்த 25 எந்த வோல்டேஜ்லன்னு பிரேக்கர் முகத்துலயே பாருங்க. வரிசையா 240, 415, 690னு எழுதி பக்கத்துல கேஏ இருக்கும். 240 வோல்ட் வரியில இருக்கற பெரிய நம்பர காட்டி விக்கறவங்க இருக்காங்க, நமக்கு வேண்டியது 415 வரி. அதே இடத்துல ஐசியூ, ஐசிஎஸ்னு ரெண்டு இருக்கும். ஐசியூங்கறது கடைசி சக்தி, அந்த அளவு ஷார்ட்ட அறுத்துட்டு பிரேக்கர் திரும்ப வேலைக்கு ஆகணும்னு உத்தரவாதம் இல்ல. ஐசிஎஸ்ங்கறது அறுத்த பிறகும் சர்வீஸ்ல இருக்கக்கூடிய அளவு. ஐசிஎஸ் 100 சதவீதம்னு போட்டிருக்கறத வாங்குங்க, 50 சதவீதம்னா உங்க 25, பன்னண்டரைதான். உங்க 9 கேஏக்கு அதுவும் போதும்தான், ஆனா சீசன் நடுவுல மாத்து பிரேக்கர் தேடி பெங்களூருக்கும் சேலத்துக்கும் ஓடற ஊர்ல இருக்கோம், ஷார்ட் அடிச்சாலும் திரும்ப நிக்கற பிரேக்கர் நமக்கு நல்லது.

மூணு கொட்டேஷனுக்கு வர்றேன். ஃபிக்ஸட் டைப் 250 வேண்டாம், கேபிள் 200, 220-க்கு வந்துடுச்சுன்னா பிரேக்கரையும் அங்க எறக்கி வெக்க டயல் வேணும். 400 வேண்டாம்னு சொல்லிட்டேன். மைக்ரோப்ராசசர் டைப் நல்ல பொருள், பைமெட்டலுக்கு பதிலா சிடி (கரண்ட் அளக்கற காயில்) வெச்சு கரண்ட அளக்கறதால பேனல் சூட்டுக்கு செட்டிங் மாறாது, 0.4-லருந்து 1 வரைக்கும் செட் பண்ற மாடல் நிறைய இருக்கு, ஷார்ட் டைம் செட்டிங்கும் கெடைக்கும். ஆனா ஒண்ணு யோசிங்க, அது கரண்ட மட்டும்தான் பாக்கும். உங்க ஆர் ஃபேஸ் லக் சிவக்க சிவக்க சூடானாலும் கரண்ட் அதேதான இருக்கும், அது டிரிப் ஆகாது. போன வருஷம் உங்கள தொந்தரவு பண்ண அந்த பழைய தெர்மல் பிரேக்கர்தான் லக் சூட்ட கண்டுபிடிச்சு சொல்லிச்சு. மைக்ரோப்ராசசர் போடறதா இருந்தா ஜாயின்ட் எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, வருஷா வருஷம் சீசனுக்கு முன்னாடி செக் பண்ற பழக்கம் இருந்தா போடுங்க. எனக்கு கேட்டா நாலாவது கொட்டேஷன் ஒண்ணு வாங்குங்க: 250 ஆம்பியர், 3 போல், தெர்மல் மேக்னடிக், தெர்மலும் மேக்னடிக்கும் ரெண்டுமே அட்ஜஸ்ட் பண்ற மாடல், 415 வோல்ட்ல 25 கேஏ, ஐசிஎஸ் 100 சதவீதம், ஸ்ப்ரெடர் டெர்மினல், ஃபேஸ் பேரியர் (ஃபேஸுகளுக்கு நடுவுல வெக்கற தடுப்பு), ஷன்ட் டிரிப் காயிலோட (வெளியிலருந்து சிக்னல் வந்தா பிரேக்கர விழ வெக்கறது). ஷ்னைடர், சீமென்ஸ், ஏபிபி, முன்ன எல் அண்ட் டின்னு வந்து இப்போ லாரிட்ஸ் நுட்சன்னு வர்றது, எதா இருந்தாலும் சரி, பேனல்ல மத்த பிரேக்கர் எந்த கம்பெனியோ அதே வாங்கினா ஸ்பேர் ஒண்ணு வெச்சுக்க வசதி. பழைய சாமான் மார்க்கெட்ல பாலிஷ் போட்டு விக்கற பிரேக்கர மட்டும் விலை எவ்வளவு கொறைஞ்சாலும் தொடாதீங்க.

மாட்டின பிறகு தெர்மல் டயல கேபிள் எவ்வளவு தாங்குமோ அதுக்கு வைங்க, 225 தாங்கும்னு கணக்கு வந்தா 0.9. வயர்மேன் போற வர்றப்ப திருகறதுக்கு அது ரேடியோ வால்யூம் கிடையாது, செட் பண்ணி, எழுதி, தேதியோட கதவுல ஒட்டிடுங்க.

தெர்மல் டயல் ஓவர்லோடுக்கு, மேக்னடிக் டயல் ஷார்ட்டுக்கு. மேக்னடிக் டயல பத்தி நிறைய பேர் யோசிக்கறதே இல்ல, ஃபேக்டரிலருந்து வந்த மாதிரி 10-லயே கெடக்கும். 250-க்கு 10 மடங்குன்னா 2500 ஆம்பியர் வந்தாதான் ஒடனே அறுக்கும். ஈபி சப்ளைல ஓடறப்ப பரவால்ல, ஷார்ட் ஆனா அதவிட கூடவே வரும். ஆனா உங்க 160 கேவிஏ ஜெனரேட்டர்ல ஓடறப்ப? அதோட ஃபுல் லோடே 222 ஆம்பியர். ஷார்ட் ஆன மொத நொடியில ஒரு கணம் ஏழெட்டு மடங்கு குடுக்கும், அப்புறம் சட்டுன்னு மூணு மடங்கு பக்கம் எறங்கிடும், அதாவது 650, 700 ஆம்பியர். 2500-க்கு காத்துக்கிட்டு இருக்கற பிரேக்கர் அத ஷார்ட்டுன்னே நெனைக்காது, தெர்மல் வேலை செஞ்சு மெதுவா விழற வரைக்கும் ஷார்ட் ஆன இடம் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால மேக்னடிக்க எவ்வளவு கீழ எறக்க முடியுமோ எறக்குங்க. கீழ எவ்வளவுங்கறத உங்க பெரிய மோட்டார் சொல்லும். 75 ஹெச்பி ஸ்டார் டெல்டால இருந்தாலும் டெல்டாவுக்கு மாறற நொடில ஒரு குத்து குத்தும், 98 ஆம்பியருக்கு 6 மடங்குன்னு 600, மீதி ஓடறது 100, மொத்தம் 700, அந்த குத்துக்கு இன்னும் இடம் விட்டா 1250 பத்தும், அது 5 மடங்கு. ஜெனரேட்டர் மொத கணத்துல குடுக்கற ஏழெட்டு மடங்கு, 1600 பக்கம், இந்த 1250-ஐ தாண்டும், அதனால அப்பவே பிடிக்க வாய்ப்பு இருக்கு. 5-ல வெச்சு கம்ப்ரஸர பத்து தடவ ஸ்டார்ட் பண்ணி பாருங்க, ஒரு தடவ விழுந்தாலும் 6-க்கு ஏத்துங்க. இன்கமர் 400-ல 10 மடங்கு வைங்க, 4000. ஹால்ல ஷார்ட் ஆகி 3000 ஆம்பியர் வந்தா ஃபீடர் மட்டும் விழும், மெயின் நிக்கும். அதுக்கும் மேல வந்தா ரெண்டும் விழ வாய்ப்பு இருக்கு, இந்த டைப்ல அத தடுக்க முடியாது.

அந்த ஷன்ட் டிரிப் காயில் ஏன் கேக்க சொன்னேன்னா, சாதாரண எம்சிசிபிக்கு எர்த் லீக்கேஜ் தெரியாது. உங்க ஹால்ல தரை எப்பவும் ஈரம், ஆளுங்க செருப்பு இல்லாம கூட நிக்கறாங்க, மோட்டார் பாடில ரெண்டு ஆம்பியர் லீக் ஆனா 250 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒண்ணுமே இல்ல, நின்னுக்கிட்டிருக்கற மனுஷனுக்கு அது உசுரு. சிபிசிடியும் (எல்லா ஃபேஸையும் சுத்தி மாட்டி லீக்க கண்டுபிடிக்கற வளையம்) எர்த் லீக்கேஜ் ரிலேயும் போட்டு இந்த காயில்ல குடுத்துடுங்க, கழுவற பம்ப், கையில பிடிக்கற மெஷின் ப்ளக் எல்லாத்துக்கும் தனியா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (லீக் ஆனா ஒடனே அறுக்கற பிரேக்கர்). சிஈஏவோட (மத்திய மின்சார ஆணையம்) 2023 பாதுகாப்பு விதியும் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு கேக்குது, அதுக்காக இல்லன்னாலும் போடணும் தம்பி. மூணு கொட்டேஷன்லயும் இது ஒரு வரி கூட இல்லாததுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

பேனல் சூட்டுக்கு, கதவுல ஃபில்டர் வெச்ச லூவர் கீழ, எக்ஸாஸ்ட் ஃபேன் மேல. பழக்கழிவு ஈ, தூசி போகாத அளவுக்கு ஃபில்டர் வேணும், வாரம் ஒருதடவ கழட்டி தட்டணும். கதவ தொறந்து வெச்சு பெடஸ்டல் ஃபேன் போடறத பல யூனிட்ல பாத்திருக்கேன், அது மட்டும் வேண்டாம், ஹோஸ் பைப் அடிக்கற எடத்துல தெறந்த பேனல் எமன். வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்டேஜ படிப்படியா ஏத்தி எறக்கற சுவிட்ச்) எந்த பொசிஷன்ல இருக்குன்னு பாருங்க, ஒரு படி ஏத்தினா மத்தியானம் நல்லாருக்கும், ஆனா ராத்திரி லோடு கொறையறப்ப எவ்வளவு ஏறுதுன்னு அளந்துட்டு முடிவு பண்ணுங்க, அதுவும் ஹெச்டி ஆஃப் பண்ணி ஐசொலேட் பண்ண பிறகுதான் டேப்ல கை வெக்கணும், ஓடறப்ப திருப்பவே கூடாது.

இவ்வளவும் பண்ணா இந்த சீசன் ஓடிடும்னு நம்பறேன். ஆனா உண்மைய சொல்லணும்ல, உங்க கேபிளும் எல்லைலதான் இருக்கு. 204 ஆம்பியர் லோடு, 200, 220 தாங்கற கேபிள், இதுல பிரேக்கர் எதா இருந்தாலும் மூச்சு திணறத்தான் செய்யும். ஓனர் 400-க்கு செலவு பண்ண ரெடியா இருக்கார்னா அந்த காச இப்படி திருப்பி விடுங்க: 75 ஹெச்பி கம்ப்ரஸர இந்த ஃபீடர்லருந்து பிரிச்சு, மெயின் பேனல்லருந்து அதுக்கு தனியா 160 ஆம்பியர் எம்சிசிபி, 70 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் கேபிள் 60 மீட்டர். அப்போ பழைய ஃபீடர்ல 106 ஆம்பியர்தான் மிச்சம், கேபிள் குளுந்து கெடக்கும், பல்ப்பர்ல எதாவது ஆனா கம்ப்ரஸர் நிக்காது, கம்ப்ரஸர்ல ஆனா பல்ப்பர் நிக்காது. மெயின் பேனல்ல ஸ்பேர் வே (புது பிரேக்கர் மாட்ட காலி இடம்) இருக்கான்னு பாருங்க. ஹெச்டி இன்ஸ்டலேஷன்ல புதுசா ஃபீடர் சேக்கறப்ப மின் ஆய்வாளர் ஆபீஸ்ல ட்ராயிங் காட்டி என்ன நடைமுறைன்னு கேட்டுட்டு பண்ணுங்க.

இனிமே ஒரு தடவ டிரிப் ஆச்சுன்னா ஒடனே தூக்கி விடாதீங்க. ஹேண்டில் நடுவுல நிக்கும், அது டிரிப் பொசிஷன். ஓவர்லோடுல விழுந்திருந்தா பத்து நிமிஷம் ஆறட்டும், கரண்ட் எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதிக்கிட்டு, கீழ அழுத்தி ரீசெட் பண்ணி மேல தூக்குங்க. டப்புனு சத்தத்தோட விழுந்துச்சுன்னா ஷார்ட், மெக்கர் (இன்சுலேஷன் நல்லாருக்கான்னு பாக்கற மீட்டர்) வெச்சு கேபிளும் மோட்டாரும் பாக்காம தூக்கவே கூடாது. ஒரு நோட்டு போட்டு நேரம், வோல்டேஜ், மூணு ஃபேஸ் கரண்ட், என்னென்ன ஓடிட்டிருந்துச்சுன்னு ஷிஃப்ட் ஆளுங்கள எழுத சொல்லுங்க, போன வருஷம் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தா இந்த லெட்டரே தேவப்பட்டிருக்காது.

டிரான்ஸ்ஃபார்மர் நேம் பிளேட், கேபிள் மேல அச்சடிச்சிருக்கற வரி, இப்போ இருக்கற 250 பிரேக்கர் முகம், இந்த மூணுக்கும் போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் போட்டது அனுமான கணக்கு, அந்த நம்பர் வந்ததும் செட்டிங்க சரியா சொல்றேன். லக் கழட்டறப்ப ஆர் ஃபேஸ் டெர்மினல் எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ தனியா.